யாரும் அடுக்காத அடுக்கு

தங்கத்தை ஒரு கரைசலில் நனைத்து வைத்தால் மூலக்கூறுகள் தாமாகவே வரிசைகட்டி நிற்கின்றன. இந்த எளிய சோதனையைப் பிடித்துக்கொண்டு மருந்து ஆய்வு, செல் உயிரியல், சூரிய மின்கலம் என்று பல துறைகளுக்கு வழி திறந்த வேதியியலாளர்களின் கதை இது.

குப்பியின் மூடியைத் திறந்ததுமே நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. வீட்டில் கேஸ் சிலிண்டர் கசிந்தால் வருமே, கிட்டத்தட்ட அதே நாற்றம். கசிவு நமக்குத் தெரியவேண்டும் என்று சமையல் எரிவாயுவில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். குப்பியில் இருப்பதும் அதே குடும்பம்தான். வேதியியல் ஆய்வகத்தில் அதைத் தயால் என்பார்கள். நீண்ட கார்பன் சங்கிலி, அதன் ஒரு முனையில் கந்தகம்.

எத்தனாலில் சில துளி தயாலைக் கலக்குகிறார் ஆய்வு மாணவி. தங்கம் பூசிய, விரல் நகம் அளவுள்ள சிலிக்கன் சில்லை இடுக்கியால் பிடித்து உள்ளே இறக்கி மூடி வைக்கிறார். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை. மறுநாள் சில்லை எடுத்து எத்தனாலில் அலசி, நைட்ரஜன் வாயுவை ஊதி உலர்த்துகிறார். பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை. நேற்று மின்னியபடியே மின்னுகிறது. ஊசிக்குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விடும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. சொட்டு பரவவில்லை, உருண்டு திரண்டு நிற்கிறது. வேறொரு தயாலில் ஊறிய இன்னொரு சில்லில் அதே தண்ணீரை விட்டால் தகடாகப் பரவிப் படிந்துவிடுகிறது.

இரண்டு சில்லுக்கும் வேறுபாடு, சங்கிலியின் வெளிமுனையில் இருக்கும் ஓரிரு அணுக்கள் மட்டுமே. முதல் சில்லில் முனை மெத்தில், இரண்டாவதில் ஹைட்ராக்சில். வெறும் 2 நானோமீட்டர் கனமுள்ள படலத்தின் கடைசி நுனி, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சொட்டுத் தண்ணீரின் போக்கைத் தீர்மானிக்கிறது. வேதியியலில் இதைவிட நேரடியான சோதனையை நான் பார்த்ததில்லை.

பாலித்தீனில் பிறந்த கேள்வி

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் 1939-ல் பிறந்தவர் ஜார்ஜ் வைட்சைட்ஸ். ஹார்வர்டில் பட்டம், கால்டெக்கில் 1964-ல் முனைவர் பட்டம், எம்.ஐ.டி.யில் 1982 வரை பேராசிரியர் பணி, பிறகு மறுபடி ஹார்வர்டு. தொடக்கத்தில் அவர் பரப்புகளைப் பற்றி ஆராய்ந்தவரே அல்ல. காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் தொடங்கி, கரிம உலோகச் சேர்மங்கள், நொதிகள் என்று தாவிக்கொண்டே இருந்தார். துறை மாறினால் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சும் ஆய்வாளர்களே அதிகம். அவர் அஞ்சவில்லை.

பரப்பு என்ற விஷயத்துக்கு அவரைக் கொண்டுவந்தது பாலித்தீன். பாலித்தீன் தாளின் மேற்பரப்பை அமிலத்தால் மாற்றினால் தண்ணீர் அதில் எப்படி ஒட்டும் என்று 1970-களில் அவருடைய குழு சோதித்தது. ஒரு திடப்பொருளைத் தண்ணீர் ஏன் நனைக்கிறது, ஏன் நனைக்காமல் விடுகிறது? கேட்பதற்குப் பள்ளிக்கூடக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் பாலித்தீன் பரப்பு கரடுமுரடானது. எந்த அணு எங்கே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத பரப்பில் காரணத்தைத் தேடுவது கடினம். அவருக்கு ஒழுங்கான ஒரு பரப்பு தேவைப்பட்டது.

அதைக் கொடுத்தது அவருடைய மாணவர் ஒருவரின் வேலை. எம்.ஐ.டி.யில் அவரிடம் 1980-ல் முனைவர் பட்டம் முடித்த ரால்ஃப் நூஸோ, நியூஜெர்சியின் முர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே டேவிட் அல்லாராவுடன் சேர்ந்து, கந்தகம் கொண்ட டைசல்ஃபைடு மூலக்கூறுகள் தங்கத்தின்மேல் படிந்து ஒழுங்கான அடுக்காகின்றன என்று 1983-ல் காட்டினார். எந்தப் பயன்பாட்டையும் அந்தக் கட்டுரை வாக்களிக்கவில்லை. பயன்பாடுகள் பின்னால் வந்த விதத்தைப் பார்த்தால், அந்தக் கட்டுரையின் அடக்கம் எனக்குப் பெரிய விஷயமாகப்படுகிறது.

இதற்கு முன்னோடிகள் உண்டு. வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ஸிஸ்மன் குழு 1946-லேயே கரைசலிலிருந்து தானாகப் படியும் ஒற்றை அடுக்குகளைப் பதிவு செய்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் சகீவ், சிலேன் மூலக்கூறுகளைக் கண்ணாடியில் அடுக்கிக் காட்டியது 1980-ல். ஆனாலும் தங்கமும் தயாலும் சேர்ந்த ஜோடிதான் உலகம் முழுவதும் பரவியது. அதை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம் என்பதே முக்கியக் காரணம்.

பிழை தானே திருந்தும் இடம்

தங்கம் காற்றோடும் தண்ணீரோடும் உறவு வைத்துக்கொள்ளாத உலோகம். கந்தகத்தை மட்டும் விடாது. (வெள்ளிக் கொலுசு கறுப்பதும் கந்தகத்தால்தான்.) கரைசலில் மிதக்கும் தயால், கந்தகத் தலையைத் தங்கத்தில் ஊன்றிக்கொள்கிறது. அக்கம்பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றையொன்று மெல்ல ஈர்த்து நெருங்குகின்றன. காற்றடிக்கும் வயலில் நெற்பயிர் ஒரே பக்கம் சாய்வதுபோல, எல்லாச் சங்கிலிகளும் சுமார் 30 டிகிரி சாய்ந்து நிலைகொள்கின்றன.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒட்டுதலின் அளவு. ஒட்டியது ஒட்டியபடி இறுகிவிட்டால் முதலில் வந்த மூலக்கூறு கண்ட இடத்தில் உட்கார்ந்து வரிசையைக் குலைத்துவிடும். ஒட்டுதல் மிகவும் தளர்ந்திருந்தால் அடுக்கே நிற்காது. கந்தகமும் தங்கமும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. தவறான இடத்தில் அமர்ந்த மூலக்கூறு நகர்ந்து, சில சமயம் கழன்று, மறுபடி சரியான இடத்தில் அமர்கிறது. பரப்பு நிறைவதற்குச் சில நிமிடங்கள் போதும். வரிசை சீராகப் பல மணி நேரம் ஆகும். இரவு முழுக்க ஊறவைப்பது இதற்காகத்தான்.

ஹார்வர்டில் வைட்சைட்ஸும் அவருடைய மாணவர் காலின் பெய்னும் இதை ஒழுங்குமுறையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். சங்கிலியின் நீளத்தை மாற்றினார்கள், முனையை மாற்றினார்கள், இரண்டு வகைத் தயாலைக் கலந்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டுத் தண்ணீர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்தார்கள். நூஸோவும் இணைந்த 1989-ஆம் ஆண்டுக் கட்டுரை இந்தத் துறையின் பாடநூல் போல ஆனது.

*
பெட்டிச் செய்தி: அடுக்கின் அளவுகள்

தங்கப் பூச்சின் கனம்: வழக்கமாக 100 நானோமீட்டர் அளவில். அடியில் குரோமியம் அல்லது டைட்டானியத்தின் மெல்லிய பூச்சு.

தயால் கரைசல்: பெரும்பாலும் எத்தனாலில் 1 மில்லிமோலார்.

அடுக்கின் கனம்: 1 முதல் 3 நானோமீட்டர்.

ஒரு சதுர சென்டிமீட்டரில் நிற்கும் மூலக்கூறுகள்: சுமார் 450 லட்சம் கோடி.

தண்ணீர்ச் சொட்டின் கோணம்: மெத்தில் முனை என்றால் 110 டிகிரிக்கு மேல், ஹைட்ராக்சில் முனை என்றால் 15 டிகிரிக்கும் கீழ்.
*

ரப்பர் முத்திரை

1993-ல் அமித் குமாரும் வைட்சைட்ஸும் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரைதான் அடுத்த திருப்பம். மின்னணுச் சில்லுகளில் நுண்ணிய கோடுகள் வரைய அன்று இருந்த வழி ஒளிப்பதிவு அச்சு. தூசியே இல்லாத அறை, விலை உயர்ந்த கருவிகள், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வேண்டும். இவர்கள் சிலிக்கோன் ரப்பரில் ஒரு முத்திரை வார்த்தார்கள். தயாலை மையாகத் தடவித் தங்கத்தின்மேல் சில நொடிகள் அழுத்தி எடுத்தார்கள். முத்திரை பட்ட இடத்தில் மட்டும் மூலக்கூறுகள் வரிசைகட்டின. பிறகு அரிக்கும் கரைசலில் போட்டால், அடுக்கு காத்த இடத்துத் தங்கம் மிஞ்சியது, மற்ற இடம் கரைந்து போனது. நுண்வடிவம் தயார்.

முத்திரை வார்க்க ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை அச்சு வேண்டும். அதன்பிறகு சாதாரண ஆய்வு மேசையே போதும். உயிரியல் துறையில் இருந்தவர்களும் மைக்ரான் அளவில் வடிவம் வரையத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். அவர்களில் பலர் அதுவரை சில்லுத் தொழிற்சாலைக்குள் காலடி வைத்திராதவர்கள்.

செல் சாவதும் பிழைப்பதும்

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் டொனால்ட் இங்பர். செல்லின் வடிவமே அதன் தலைவிதியைத் தீர்மானிக்கிறதோ என்ற சந்தேகம் அவருக்கு நெடுநாளாக இருந்தது. நிரூபிக்கத்தான் வழியில்லை. செல்லை நாம் விரும்பும் வடிவத்தில் உட்காரவைப்பது எப்படி?

தங்கமும் தயாலும் அதற்கு வழி செய்தன. புரதம் ஒட்டும் தயாலை முத்திரையால் சிறு தீவுகளாக அச்சிட்டார்கள். மிச்சப் பரப்பை, புரதம் ஒட்டவே ஒட்டாத எத்திலீன் கிளைக்கால் முனை கொண்ட தயாலால் நிரப்பினார்கள். செல்கள் தீவுகளில் மட்டும் பிடித்துக்கொண்டன. இரத்த நுண்குழாய்ச் சுவரின் செல்களை இப்படி வளர்த்தபோது, பெரிய தீவில் பரந்து படுத்த செல் பிழைத்து வளர்ந்தது. சிறிய தீவில் குறுகி உட்கார்ந்த செல் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டது.

பெரிய தீவில் ஒட்டும் பரப்பும் அதிகம் அல்லவா, பிழைத்ததற்கு அதுதானே காரணம் என்று யாரும் கேட்கலாம். 1997-ல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையின் அழகு இங்கேதான். அவர்கள் ஒரே பெரிய தீவுக்குப் பதிலாக, சில மைக்ரான் அகலமுள்ள குட்டிப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி அச்சிட்டார்கள். செல் புள்ளிக்குப் புள்ளி கால் நீட்டிப் பரவியது. ஒட்டிய மொத்தப் பரப்பு கொஞ்சம்தான். இருந்தும் செல் பிழைத்தது. எவ்வளவு பரப்பில் ஒட்டியிருக்கிறது என்பதைவிட எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே முக்கியம் என்று தெரிந்தது. திசு வளர்ப்பிலும் புற்றுநோய் ஆய்விலும் இன்று செல்லின் வடிவத்தையும் அதன்மேல் விழும் இழுவிசையையும் கணக்கில் எடுக்கிறார்கள் என்றால், அந்தப் பார்வைக்கு அடித்தளமிட்ட சோதனைகளில் இதுவும் ஒன்று.

இங்பரின் குழு 2010-ல் சிலிக்கோன் ரப்பரில் 'சில்லு நுரையீரல்' செய்தது. மூச்சு விடுவதுபோல அசையும் மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நுரையீரல் செல்கள், மறுபக்கம் இரத்தக் குழாய் செல்கள். புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிபந்தனையை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்திலிருந்து நீக்கியபோது, மாற்று வழியாகக் குறிப்பிடப்பட்டவற்றில் இத்தகைய சில்லு உறுப்புகளும் இருந்தன.

கொரோனா முள்ளை அளந்த தங்கம்

2020 தொடக்கத்தில் உலகமே ஒரு கேள்விக்கு விடை தேடியது. இந்தப் புதிய வைரஸ் ஏன் இவ்வளவு எளிதாக மனிதச் செல்லைப் பிடிக்கிறது? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மெக்லெல்லன் குழு, வைரஸின் முள் புரதமும் மனிதச் செல்லின் ஏ.சி.இ.2 ஏற்பியும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகின்றன என்று அளந்தது. 2003-ன் சார்ஸ் வைரஸைவிட 10 முதல் 20 மடங்கு இறுக்கம் என்று விடை வந்தது.

அளந்த கருவியின் நடுவில் இருந்தது தங்கம் பூசிய கண்ணாடிச் சில்லு. இந்த வகைச் சில்லில் தங்கத்தின்மேல் முதலில் தயால் அடுக்கு, அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஜெல், அதில் கட்டிவைத்த புரதம் என்று அமைப்பு இருக்கும். மேலே ஓடும் திரவத்திலுள்ள இன்னொரு புரதம் வந்து ஒட்டும்போதும் விலகும்போதும் தங்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் கோணம் நூலிழை அளவு நகர்கிறது. ஸ்வீடனிலிருந்து பயாகோர் என்ற பெயரில் 1990-ல் சந்தைக்கு வந்த இந்த முறை, இன்று மருந்து நிறுவனங்களில் அன்றாடக் கருவி. எதிர்ப்புப் புரதத்தை மருந்தாக்க நினைப்பவர்கள், அது இலக்கை எவ்வளவு விடாப்பிடியாகப் பிடிக்கிறது என்று பார்க்கப் பெரும்பாலும் இதைத்தான் நாடுகிறார்கள். அடியில் இருக்கும் அந்த ஒற்றை அடுக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது இல்லையென்றால் புரதங்கள் வெற்றுத் தங்கத்தில் கண்டபடி அப்பிக்கொள்ளும், அளவீட்டை நம்பவே முடியாது.

*
பெட்டிச் செய்தி: பாத்திரம் கழுவிய இடத்தில் ஒரு ஆய்வகம்

ஒற்றை மூலக்கூறு அடுக்கு பற்றிய துல்லியமான அளவீடுகள் ஒரு சமையலறையில் தொடங்கின. ஆக்னஸ் பொக்கல்ஸ் 1862-ல் வெனிஸில் பிறந்து, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வளர்ந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் செய்யும் மாற்றங்களைக் கவனித்தவர், 20 வயதில் தானே ஒரு தகரத் தொட்டி செய்தார். தண்ணீர்ப் பரப்பில் தகடு ஒன்றை நகர்த்திப் படலத்தை நெருக்கவும் தளர்த்தவும் அதில் முடிந்தது.

1891 ஜனவரியில் தன் முடிவுகளை இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை மொழிபெயர்க்கச் செய்து நேச்சர் இதழுக்கு அனுப்பினார். அதே ஆண்டு மார்ச் மாதம் கட்டுரை வெளிவந்தது. இர்விங் லாங்மியூரும் கேத்தரின் பிளாட்ஜெட்டும் பின்னாளில் பயன்படுத்திய தொட்டிக்கு மூதாதை இதுதான். ஆக்னஸின் ஊர்ப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தபோது அவருக்கு 70 வயது.
*

முர்ரே ஹில்லில் விழுந்த கறை

இந்தத் துறைக்குத் தலைகுனிவும் நேர்ந்தது. அதுவும் நூஸோவும் அல்லாராவும் வேலை செய்த அதே பெல் ஆய்வகத்தில்.

ஒற்றை மூலக்கூறு அடுக்கையே டிரான்சிஸ்டராக்கிவிட்டதாக 2001-ல் யான் ஹெண்ட்ரிக் ஷோன் என்ற இளம் இயற்பியலாளர் அறிவித்தார். சிலிக்கன் யுகமே முடியப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. மற்ற ஆய்வகங்கள் மாதக்கணக்கில் முயன்றும் அந்த முடிவு கிடைக்கவில்லை. 2002-ல் பிரின்ஸ்டனின் லிடியா சோனும் கார்னெலின் பால் மெக்யூவனும் ஷோனின் கட்டுரைகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். வெவ்வேறு சோதனைகள் என்று சொல்லப்பட்ட வரைபடங்களில், தற்செயலாக வரவேண்டிய இரைச்சல் கூட ஒரே மாதிரி இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் மால்கம் பீஸ்லி தலைமையிலான குழு 24 குற்றச்சாட்டுகளை விசாரித்து 16-ல் மோசடி நடந்ததை உறுதி செய்தது. முறையான ஆய்வுக் குறிப்பேடுகள் இல்லை, மூலத் தரவுகளும் அழிக்கப்பட்டிருந்தன. கூட்டு ஆசிரியர்கள்மேல் குற்றம் இல்லை என்றது குழு. ஷோன் வேலையிழந்தார், கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது ஏமாற்று மட்டுமல்ல, வீணான உழைப்பும்தான். பொய்யான ஒரு வரைபடத்தைத் துரத்திக்கொண்டு எத்தனையோ ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆண்டுகளை இழந்தார்கள். நேர்மையான பதில் 2008-ல் நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து வந்தது. பிலிப்ஸ் ஆய்வகத்தின் எட்சர் ஸ்மிட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் ஒற்றை அடுக்கு டிரான்சிஸ்டர்களை உண்மையாகவே செய்தார்கள். அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை இணைத்து வேலை செய்யும் மின்சுற்றும் அமைத்தார்கள். ஷோன் சொன்னதை விடப் பன்மடங்கு அடக்கமான முடிவு. அதனால் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு அது வரவில்லை.

தங்கத்திலிருந்து காகிதத்துக்கு

வைட்சைட்ஸ் தங்கத்தோடு நின்றுவிடவில்லை. தண்ணீர் எங்கே பரவும், எங்கே நிற்கும் என்ற பழைய கேள்வியை அவர் 2007-ல் காகிதத்துக்குக் கொண்டுபோனார். காகிதத்தில் தண்ணீர் ஏறாத கரைகளை வரைந்தால், நடுவில் உள்ள இழைகள் வழியாகத் திரவம் பம்பு இல்லாமல் தானே ஓடும். ஓடிச் சேரும் இடங்களில் நிறம் மாறும் வேதிப்பொருளை வைத்தால் அது ஒரு பரிசோதனை அட்டை. முதல் கட்டுரையில் வெறும் 5 மைக்ரோலிட்டர் சிறுநீரில் குளுக்கோஸையும் புரதத்தையும் ஒரே நேரத்தில் காட்டினார்கள். மின்சாரமும் ஆய்வகமும் எட்டாத கிராமங்களை மனதில் வைத்துச் செய்த வேலை இது. அதே நோக்கத்துக்காக லாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றையும் அவர் உருவாக்கினார்.

நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள், ஆயிரத்துக்கும் அதிகமான கட்டுரைகள் என்று அவருடைய கணக்கு நீளம். ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்று 2004-ல் அவர் வெளியிட்ட சில பக்கக் குறிப்பு, இன்றும் ஆய்வு மாணவர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. சோதனைகளை எல்லாம் முடித்துவிட்டு எழுத உட்காராதே, சோதனை தொடங்கும்போதே கட்டுரையின் சட்டகத்தைப் போடு என்பது அதன் சாரம்.

2022-ல் நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசு சகீவ், நூஸோ, அல்லாரா, வைட்சைட்ஸ் நால்வருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. சகீவின் பெயர் அதில் இருந்தது எனக்குத் தனி மகிழ்ச்சி. தங்கத்தின் பளபளப்பில் அவருடைய கண்ணாடி அடுக்கு மறைந்துபோயிருந்தது.

சென்னையில் 25 அணுக்கள்

தட்டையான தங்கத்துக்குப் பதில் தங்கத் துணுக்கையே தயாலால் மூடினால்? லிவர்பூலில் 1994-ல் மத்தியாஸ் புரூஸ்ட், டேவிட் ஷிஃப்ரின் குழு அந்த வழியைத் திறந்தது. அந்த வழியில் வெகுதூரம் சென்றவர்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் தலப்பில் பிரதீப்பும் ஒருவர். குடிநீரிலிருந்து ஆர்செனிக் நீக்கும் தொழில்நுட்பத்துக்காக அவரைப் பலருக்குத் தெரியும். அவருடைய ஆய்வகம் நீண்ட காலமாகக் கவனிக்கும் இன்னொரு பொருள், சரியாக 25 தங்க அணுக்களும் அவற்றைச் சுற்றி 18 தயால்களும் கொண்ட கொத்து. இப்படிப்பட்ட தங்கக் கொத்தையும் வெள்ளிக் கொத்தையும் கரைசலில் கலந்தால் அவை உருக்குலையாமலே தங்களுக்குள் அணுக்களை மாற்றிக்கொள்வதை அவர்கள் காட்டினார்கள். உலோகத் துணுக்கு என்று நினைத்தது மூலக்கூறு போல வினை புரிகிறது.

300 மணி நேரமும் 25 ஆண்டும்

இன்று இந்தத் துறையின் பரபரப்பெல்லாம் சூரிய மின்கலத்தில் இருக்கிறது. பெராவ்ஸ்கைட் என்ற படிகத்தைச் சிலிக்கன்மேல் அடுக்கிய இரட்டைக் கலன், தனிச் சிலிக்கனின் கோட்பாட்டு உச்சமான சுமார் 29.4 சதவீதத் திறனைத் தாண்ட வல்லது. ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் மின்னேற்றங்கள் வீணாகின்றன. லிதுவேனியாவின் கௌனஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இதற்கென்றே புதிய மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். கந்தகத்துக்குப் பதில் பாஸ்பானிக் அமிலக் கொக்கி. தங்கத்துக்குப் பதில் ஒளி ஊடுருவும் ஆக்சைடு. நனைத்தால் தானே அடுக்கிக்கொள்ளும் தத்துவம் மட்டும் அதேதான். பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்துடன் சேர்ந்து 2020-ல் அவர்கள் 29.15 சதவீதத் திறனைக் காட்டினார்கள். சீனாவின் லோங்கி நிறுவனம் 2025 ஏப்ரலில் இரட்டைக் கலனில் 34.85 சதவீதத்தை எட்டியது.

ஒரு காலத்தில் விலை உயர்ந்த பாலிமரைப் பூசிய இடத்தில் இன்று ஒற்றை மூலக்கூறு கனம் போதும். தேவைப்படும் பொருளின் அளவு மிகச் சொற்பம். பிரச்சினை ஆயுளில் இருக்கிறது. பெர்லின் கலன் 300 மணி நேரம் ஓடி 95 சதவீதத் திறனைத் தக்கவைத்தது. கூரையில் சூரியப் பலகை போடுகிறவர் 25 ஆண்டு உத்தரவாதம் கேட்பார். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்ற சோதனையை வணிகப் பலகைகள் தாண்டியாகவேண்டும். அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் ஒற்றை அடுக்கு ஆங்காங்கே கழன்றுபோகிறது. ஒளியைப் பிடிக்கக் கூம்பு கூம்பாகச் செதுக்கிய சிலிக்கன் பரப்பில் சீராகப் படிவதும் எளிதல்ல. ஒரே மூலக்கூறில் இரண்டு கொக்கி வைத்துப் பார்க்கிறார்கள், பக்கத்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பார்க்கிறார்கள், இரண்டு வகையைக் கலந்து ஓட்டைகளை அடைக்கப் பார்க்கிறார்கள்.